துளை விழாத இலக்கு அட்டை

அனுப்புநர்
பட்டாணி பயிரிடுபவர்,
நில எண் 14, மேட்டு வாய்க்கால் பாசனம்.
(அடையாள அட்டை நகல் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பயிர்ப் பாதுகாப்புத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: விளைநிலத்தில் ஏர்கன் கொண்டு முயல் சுடும் அனுமதி என் நாத்தனாருக்கு மறுக்கப்பட்டது – "இலக்கு புலப்படவில்லை" என்ற குறிப்பை நீக்கி அனுமதியைப் புதுப்பிக்கவும், இம்மாதம் இருபதாம் தேதி எங்கள் வாய்க்கால் கரையில் நஞ்சு உருண்டை வைப்பதை நிறுத்தவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கள ஆய்வாளரின் தேர்வு அறிக்கை. 2. தேர்வுக்குப் பயன்பட்ட இலக்கு அட்டை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரசு அலுவலகத்துக்கு நான் எழுதும் முதல் மனு இது. பொருளுக்குக் கீழே "பார்வை" என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள், எழுதிவிட்டேன். இந்த மனுவில் மட்டும் அந்தச் சொல்லைத் தாங்கள் அதன் சொந்தப் பொருளிலேயே எடுத்துக்கொண்டாலும் பிழையில்லை. விவகாரமே பார்வையைப் பற்றியதுதான்.

1. மூன்று பக்கம் வேலியும் ஒரு பக்கம் வாய்க்கால் கரையுமாக உள்ள நிலத்தில் பதினோரு வருடமாகப் பட்டாணி போடுகிறேன். கரை முழுவதும் முயல் வளைகள். முளை நான்கு விரல் உயரம் வந்ததும், யாரோ பந்திக்கு அழைத்தது போல முயல்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். வலை கட்டினேன், அடியில் தோண்டி வந்தன. தகர டப்பாக்களைக் கயிற்றில் தொங்கவிட்டேன். ஒரு வாரம் பயந்தன, அதன்பின் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தின்றன. முயல் பார்க்க அழகான பிராணி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பட்டாணி போடாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அழகாகத் தெரியும்.

2. என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, தையல்காரர். எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின்களும் ஒரு வெட்டு மேசையும் போட்டுத் தொழில் நடத்துகிறார். தெருவில் அவருக்கு ஊசி அக்கா என்று பெயர். இருபத்து நான்காம் வயதில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது மெஷின் ஊசி உடைந்து தெறித்து அவருடைய இடது கண்ணில் பட்டது. அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சம், இருட்டு என்ற வித்தியாசம் மட்டும் தெரியும். இதை நாங்கள் மறைக்கவில்லை. விண்ணப்பத்தின் ஆறாம் கட்டத்தில் அவரே தன் கைப்பட எழுதியிருக்கிறார். மீதமுள்ள ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, விளக்குப் போடாமல், பேச்சை நிறுத்தாமல், ஊசியின் காதில் நூலைக் கோர்த்துவிடுவார். நான் இரண்டு கண்ணையும் இடுக்கிக்கொண்டு நான்கு முறை நூலை எச்சில் படுத்துவேன்.

3. ஒன்பது வருடம் முன்பு, பயிர்ச் சேதத்தைத் தடுக்க ஏர்கன் அனுமதி தருவதாகத் தங்கள் துறை அறிவித்தது. எங்கள் வீட்டிலிருந்து விண்ணப்பம் போட்டது நாத்தனார். "உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வேலை?" என்று கேட்டேன். "குறி பாக்கும்போது எல்லாரும் ஒரு கண்ண மூடிக்கணும். எனக்கு அந்த வேலை மிச்சம்," என்றார். என் கணவர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. நாத்தனார் சிரிக்கவில்லை. படிவத்தை மடித்து அஞ்சலில் போடக் கிளம்பிவிட்டார்.

4. முதல் வருடம் ஒரு தவறு நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது என்று தங்கள் துறைக் கையேட்டில் இருக்கிறது. அது உண்மைதான். இருபது தப்படி என்று நினைத்து அவர் சுட்ட முயல் முப்பது தப்படியில் இருந்தது. ஏர்கன் குண்டு ஒரு பட்டாணியை விடச் சிறியது, தூரம் போகப் போகத் தாழ்ந்துவிடும். தலையில் பட வேண்டியது பின்னங்காலில் பட்டது. முயல் முள்புதருக்குள் போய்விட்டது. காலை ஆறரை மணிக்கு அதன் பின்னால் தவழ்ந்து உள்ளே போன நாத்தனார் பதினொன்றேகால் மணிக்குத்தான் வெளியே வந்தார். கையில் முயல் இருந்தது, அதன் வேதனையை முடித்திருந்தார். அவருடைய இரண்டு முழங்கைகளிலும் தோல் இல்லை. துப்பாக்கியைத் துடைத்துப் பரணில் போட்டவர் இரண்டு மாதம் அதை இறக்கவே இல்லை.

5. இறக்கிய அன்று, இஞ்ச் டேப்பையும் ஒரு பை நிறைய வெட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு நிலத்துக்கு வந்தார். தான் படுக்கிற இடத்திலிருந்து தரையோடு தரையாக டேப்பை வைத்து வைத்து அளந்தார். பத்துத் தப்படிக்கு ஒரு குச்சி, அதில் நீலத் துணி. பதினைந்துக்கு மஞ்சள். இருபதுக்குச் சிவப்பு. வயலின் எல்லாப் பக்கமும் இப்படியே. உடம்புக்கு அளவெடுக்கும் டேப்பால் ஒருவர் ஒரு வயலையே அளப்பதைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காலையில் ஆரம்பித்தவர் மாலையில்தான் நிமிர்ந்தார். "சிவப்புக்கு அந்தப் பக்கம் நின்னா அது நம்ம முயல் இல்ல," என்றார். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு முயலும் காயத்தோடு ஓடியதில்லை. துணி வெளுத்தால் மாற்றுவது அவரே. வேறு யாரையும் தொட விடுவதில்லை.

6. அவர் சுடுவதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தது நான்கு வருடம் முன்பு, மதகு திறக்கப் போன ஒரு விடியற்காலையில். உரச் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து ஒரு விரலை மட்டும் அசைத்தார், நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு முயல் என் பட்டாணியைத் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு முளையாக அது முடிக்க முடிக்க எனக்கு வயிறு எரிந்தது. நாத்தனார் அசையவில்லை. ஓர் எறும்பு அவருடைய மணிக்கட்டில் ஏறி, விரல் முட்டி வரை வந்து, விசைக்குப் பக்கத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. முயல் தலையைப் பக்கவாட்டில் திருப்பியது. அவர் மூச்சை வெளியே விட்டது எனக்குக் கேட்டது. அடுத்து, கனமான புத்தகத்தை மூடியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். நாங்கள் போய்ப் பார்த்தபோது முயலின் வாயில் பாதி இலை அப்படியே இருந்தது. அதற்குத் தெரியவே இல்லை, ஐயா. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, மடங்கிக் கிடந்த அதன் ஒரு காதை, சட்டைக் காலரைச் சரிசெய்வது போல நேராக்கிவிட்டார்.

வீட்டில் தினமும் எனக்குக் காபி ஊற்றித் தருகிற மனுஷி இவர். அன்று அவரோடு வீடு திரும்பும்போது நான் ஒரு தப்படி பின்தங்கியே நடந்தேன். அது பயமா, மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

7. அதைவிடப் பெரியதை மறு வாரம் பார்த்தேன். முயல் நீலத் துணிக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரம் என்றே சொல்லலாம், நின்றுகொண்டிருந்தது. நாத்தனார் குறி வைத்தார், பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். ஏன் என்று சைகையில் கேட்டேன். "குட்டி போட்டது. நெஞ்சுல முடி பிச்சிருக்கு பாரு," என்றார். தாய் முயல் தன் உடம்பு முடியைத் தானே பிய்த்துக் குட்டிகளுக்கு மெத்தை போடுமாம். நான் பார்த்தேன். எனக்கு ஒரு முயல் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அது போன பிறகு என்னைக் கரைக்கு அழைத்துப் போய், மண் தள்ளி மூடியிருந்த ஒரு சிறு வளையைக் காட்டினார். தொடவில்லை. "இது செத்தா உள்ள இருக்கிறது எல்லாம் மூணு நாள் கத்திட்டே சாகும். நமக்குக் கேக்காது, அவ்வளவுதான்," என்றார். அந்த வளைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். வெள்ளை கட்டிய வீட்டுக்காரிக்கு ஐந்து வாரம் விடுமுறை என்பது எங்கள் வயலின் சட்டம். அந்த ஐந்து வாரமும் அவள் தின்பது என் பட்டாணியைத்தான். நானும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

8. இனி புகாருக்கு வருகிறேன். ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது, பார்வைக் குறைவு உள்ளவர்கள் என்று இல்லாமல் எல்லோருமே கள அலுவலகத்தின் பின்புறத்தில் இலக்குத் தேர்வு தர வேண்டும். பதினைந்து தப்படியில் அட்டை, ஐந்து குண்டு. கடந்த ஆண்டு வரை அட்டையில் வட்டங்கள் இருந்தன. எட்டு வருடமும் நாத்தனாரின் ஐந்து குண்டும் நடு வட்டத்தில் ஒரே ஓட்டையாக விழுந்திருக்கின்றன. அந்த அட்டைகளைத் தங்கள் கோப்பில் பார்க்கலாம். பொத்தானுக்குக் காஜா எடுத்தது போல இருக்கும்.

9. இந்த ஆண்டு வட்டங்களை எடுத்துவிட்டு, சுவர் நாட்காட்டி அளவில் ஒரு வண்ணப் புகைப்படத்தைத் தந்திருக்கிறார்கள். புல்வெளியில் ஒரு முயல் பக்கவாட்டில் நிற்கிறது. தலையில் சுட வேண்டும். கடந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். நாத்தனாரின் முறை வந்தபோது மதியம் ஒன்று இருபது. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவருடைய பையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் படுத்தார், குறி வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு குண்டை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆய்வாளர் என்ன ஆயிற்று என்று கேட்டார். "இது குட்டி போட்டது சார். பின்னால புல்லுல குட்டிங்க இருக்கு. இதை நான் சுட மாட்டேன்," என்றார் நாத்தனார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அம்மா, அது பேப்பர்," என்றார் ஆய்வாளர். "தெரியுது சார். வேற அட்டை குடுங்க, சுடறேன்," என்றார் இவர். வேறு அட்டை இல்லை, எல்லாம் ஒரே படம். ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இலக்கு புலப்படவில்லை. பார்வைக் குறைபாடு காரணமாக அனுமதி நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதி முத்திரை குத்தினார். ஆய்வாளரைக் குறை சொல்லி அவர் வேலைக்கு உலை வைப்பது என் நோக்கம் இல்லை. காலையிலிருந்து வெயிலில் நின்றவர், சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஆனால் நாத்தனார் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர் எழுதவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

10. உண்மையைச் சொன்னால், அன்று ஆய்வாளரை விட நாத்தனார் மேல்தான் எனக்குக் கோபம். வீடு வந்து சேரும்வரை அடக்கிவைத்திருந்தேன். அவர் வெட்டு மேசையில் ஒரு குழந்தைச் சட்டைக்குக் காகிதத்தில் அளவு வரைந்துகொண்டிருந்தார். "பேப்பர்தானே அண்ணி, சுட்டுத் தொலைச்சிருக்கலாம்ல. யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கத்தினேன். அவர் நிமிரவில்லை. "பேப்பர்ல தப்பா வெட்டினா துணியும் தப்பாத்தான் வரும். கைக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றார். அப்படியானால் அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டாமா என்றேன். "சொன்னேன். அவர் எழுதிக்கல," என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். அந்தச் சட்டையை அவர் இரண்டு முறை பிரித்துத் தைத்தார், ஐயா. முப்பது வருடத் தொழிலில் அவர் தையல் பிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண் போனதைப் பற்றி ஒருநாளும் அழாதவர், "புலப்படவில்லை" என்ற ஒரு சொல்லால் உடைந்துபோனார்.

11. மறுநாள் நான் அலுவலகம் போனேன். உதவியாளர் நல்ல மனிதர், குப்பைக்குப் போகவிருந்த அட்டைக் கட்டிலிருந்து நாத்தனாருடையதைத் தேடித் தந்தார். தேடுவது சுலபமாகத்தான் இருந்தது, துளை இல்லாத அட்டை அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து கூடத்து விளக்கில் பார்த்தேன், குட்டி ஒன்றும் தெரியவில்லை. மாடியில் வெயிலில் வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. என் கணவர் பார்த்துவிட்டு, அக்காவுக்கு வயதாகிறது என்றார். நாத்தனாரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டால் நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். உள்ளுக்குள் நானும் நம்பவில்லைதான்.

மூன்றாம் நாள், மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கண்ணாடி வில்லைகளைச் சோதிக்கிற பூதக் கண்ணாடியை அட்டைமேல் வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை மெல்ல நகர்த்தினார். முயலின் நெஞ்சுக்கு வந்ததும், "இங்க முடி இல்லையே. அச்சுக் கோளாறோ?" என்றார். இன்னும் நகர்த்தினார். பின்னங்காலுக்குப் பின்னால் புல்லில் நின்றுவிட்டார். எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். முதலில் புல்தான் தெரிந்தது. பிறகு புல்லின் இலைகளில் ஒன்று மட்டும் புல் இல்லை என்று தெரிந்தது. அது ஒரு காது. பூதக் கண்ணாடியில் பெரிதாகியும் கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுதான், உள்பக்கம் இளஞ்சிவப்பு. அதன் கீழே ஒரு புள்ளி, அது கண். அது நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பூதக் கண்ணாடிக்கு அடியில் எனக்குக் கிடைத்ததை, பதினைந்து தப்படியில் படுத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால், தொலைநோக்கி பொருத்தாத ஏர்கனின் குழலுக்கு மேலாக என் நாத்தனார் பார்த்திருக்கிறார். ஊசியின் காதுக்குப் பழகிய கண் அது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அப்படியும் என் வியப்பு அடங்கவில்லை. வீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். "பாத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

12. அன்று அந்த முயலைத் தலையில் சுட்டுத் தேர்ச்சி பெற்றவர்கள் நாற்பத்தொரு பேர். எல்லோருக்கும் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த வரிசையில் நான் நின்றிருந்தால் நானும் சுட்டுத் தேர்ச்சி பெற்றிருப்பேன்.

13. அனுமதி இல்லாத நிலங்களில் துறையே முயல் கட்டுப்பாட்டை மேற்கொள்ளும் என்றும், எங்கள் கரையில் இருபதாம் தேதி நஞ்சு உருண்டை வைக்கப்படும் என்றும் அறிவிப்பு வந்திருக்கிறது. உருண்டைக்குச் சிவப்புத் துணியும் தெரியாது, வெள்ளைத் துணியும் தெரியாது. கரையில் இன்று ஐந்து வளைகளுக்கு மேலே வெள்ளை கட்டியிருக்கிறது. இந்த மனு எழுதும் இந்த நேரத்தில் நாத்தனார் கரைக்குப் போய் அந்தத் துணிகளை அவிழ்க்காமல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அனுமதி இல்லாததால் துப்பாக்கியைத் தொடவில்லை. முளைகள் பாதி போய்விட்டன. அதைப் பற்றி நான் இங்கே புலம்பப் போவதில்லை.

14. ஆகவே, ஐயா அவர்கள் அருள்கூர்ந்து, (அ) "இலக்கு புலப்படவில்லை" என்ற சொற்களை அறிக்கையிலிருந்து அடித்துவிடவும், (ஆ) வட்டம் போட்ட பழைய அட்டையிலோ, ஆண் முயல் என்று உறுதியாகத் தெரிந்த எந்தப் படத்திலோ நாத்தனாருக்கு மறுதேர்வு வைக்கவும், (இ) அதுவரை எங்கள் கரையில் உருண்டை வைக்காதிருக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். மூன்றில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எதைக் கேட்பது என்று நாத்தனாரிடம் கேட்டேன். "உருண்டையை நிறுத்தச் சொல்லு," என்றார். நான் கேட்பது முதலாவதையும் சேர்த்துத்தான்.

15. இலக்கு அட்டையை இத்துடன் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். குட்டி இருக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு அனுப்பலாம் என்றேன். "வேண்டாம். அவங்களே பாக்கட்டும்," என்று நாத்தனார் தடுத்துவிட்டார். எனவே அட்டையில் எந்தக் குறியும் இல்லை. பின்னங்காலுக்குப் பின்னால் தேடினால் போதும் என்பதை மட்டும் அவருக்குத் தெரியாமல் இங்கே எழுதிவிடுகிறேன். தாங்கள் பதினைந்து தப்படி தள்ளி நிற்க வேண்டியதில்லை, மேசைமேல் விரித்து, வேண்டிய கண்ணாடி போட்டுக்கொண்டு, வேண்டிய நேரம் எடுத்துப் பார்க்கலாம். எனக்கும் கண்ணாடிக் கடைக்காரருக்குமாக இதுவரை இரண்டு குட்டிகள் கிடைத்திருக்கின்றன. மூன்று இருக்கின்றன என்கிறார் நாத்தனார். மூன்றாவதைத் தங்கள் அலுவலகத்தில் யாருக்காவது புலப்பட்டால், எங்கே என்று ஒரு வரி எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: மேட்டு வாய்க்கால், நில எண் 14
நாள்: 09.03.2023

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து, இன்னும் தேடிக்கொண்டிருக்கும்,
(கையொப்பம்)
விண்ணப்பதாரரின் தம்பி மனைவி

இணைப்பு:
1. அடையாள அட்டை நகல்
2. கள ஆய்வாளரின் அறிக்கை நகல்
3. இலக்கு அட்டை, ஒன்று. துளை இல்லை.